மாமாட ரிப்போர்ட் விசயமா

மகள்,

நீ அனுப்பின அந்த நோயெதிர்ப்பு ஜீன் ஸ்கோர் கட்டுரைய ராவிருந்து வாசிச்சன். மாமாட பெருங்குடல் கட்டியிலயும் இப்பிடிப் பாத்து இனி எப்பிடிப் போகும் எண்டு சொல்லேலாதா எண்டு கேட்டிருந்தாய்.

இந்த ஸ்கோரெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் செய்யிற. அமெரிக்காட டீசீஜீஏ (TCGA) எண்ட புற்றுநோய் ஜீன் டேட்டாபேஸில இரிக்கிற பெருங்குடல் கட்டிகள எடுத்து நோயெதிர்ப்போட சம்பந்தப்பட்ட ஜீன்கள மட்டும் பிரிச்சி, ஆர் தப்பின ஆர் தப்பல்ல எண்டு பாத்து ஒவ்வொண்டுக்கும் ஒரு எடை போட்டுக் கூட்டுவாங்க, நடுவுக்கு மேல வந்தா ஹை ரிஸ்க், கீழயெண்டா லோ ரிஸ்க். ஆனா ஒரு குழுட லிஸ்டுக்கும் மத்தக் குழுட லிஸ்டுக்கும் பொதுவா இரிக்கிற ஜீன் கொஞ்சம்தான், அதான் எனக்கு மனசு ஒட்டல்ல. மாமாவ வச்சி அதில ஒரு முடிவும் எடுக்கேலாது.

நோயெதிர்ப்ப வச்சிச் சொல்லுற யோசனை பிழையில்ல, பழசும் கூட. நாங்க லேப்ல சிலைட் பாக்கக்குள்ளயே சில கட்டிட கரையில லிம்போசைட் எண்ட நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் நீலமா குமிஞ்சி இரிக்கும். பாரிஸில கலோன் எண்டவர்ட குழு 2006ல அதயே எண்ணிக் காட்டினாங்க, கட்டிட நடுவிலயும் கரையிலயும் டி கலங்கள் (லிம்போசைட்டில ஒரு வகை) கூட இருந்தா நோய் திரும்பி வாறது குறைவு. 2018ல 13 நாட்டில 2,600க்கு மேல ஆக்கள்ட கட்டிய வச்சி அத உறுதிப்படுத்தினாங்க.

மாமாக்கு இப்ப தேவை அதவிடச் சின்ன விசயம். அவருக்கு ஸ்டேஜ் 2, 14 நிணநீர்க் கணு (நோட்) பாத்து ஒண்டிலயும் நோய் இல்லயாம் (ஆகக் குறைஞ்சது 12 பாக்கோணும், அது சரி). ஒபரேசன்ல எடுத்த துண்டு மெழுகு பிளாக்கில இரிக்கும், அதில எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 எண்ட நாலு புரதத்துக்கும் ஸ்டெயின் (சாயச் சோதனை) போடச் சொல்லிக் கேக்கோணும். இதுகள்தான் டிஎன்ஏ பிழையத் திருத்திற. ஒண்டு இல்லாட்டி பிழை சேந்து சேந்து கட்டி புதினமான புரதமெல்லாம் செய்யும், டி கலம் அதக் கண்டுபிடிச்சி வந்து மொய்க்கும், அதால ஸ்டேஜ் 2ல இப்பிடியான ஆக்களுக்கு நோய் திரும்பி வாறது குறைவு, ஃபைவ்-எஃப்யூ எண்ட கீமோ மருந்து மட்டும் குடுத்து பெரிசா பிரயோசனமும் இல்ல. மாமி கீமோக்கு நாள் கேட்டுத் திரியிறா, அதுக்கு முதல் இது வரோணும்.

இன்னொண்டு, இது உனக்கும் எனக்கும். அம்மப்பாவும் குடல் கட்டிலதானே போனவர், அதுவும் இளவயசில. மாமாட ஸ்டெயின் ஒண்டு விழாம இருந்தா லிஞ்ச் எண்ட பரம்பரை நோயா எண்டு பாக்கோணும் (எம்எல்எச்1 இல்லாட்டி முதல்ல கட்டியில பிராஃப் (BRAF) எண்ட ஜீனையும் பாப்பாங்க, அது மாறியிருந்தா பெரும்பாலும் பரம்பரையில்ல). குடி, அதான் வம்சம், நமக்குத் தாய்வழிதான், அம்மப்பா வேற குடி, ஆனா இந்த ஜீன் குடி பாக்காது. தாயிட்டயோ தகப்பனிட்டயோ இருந்தா பிள்ளைக்கு பாதிக்குப் பாதி. அப்பிடியெண்டா முதல்ல நான் ரத்தம் குடுக்கிறன், எனக்கு இருந்தா நீ குடு. உனக்கும் இருந்தா ஒண்டு ரெண்டு வருசத்துக்கொருக்கா கொலனோஸ்கோபி (குடலுக்குள்ள கெமரா விட்டுப் பாக்கிறது), எம்எல்எச்1, எம்எஸ்எச்2 எண்டா 20-25 வயசிலயே தொடங்கச் சொல்லுறாங்க, உனக்கு 27.

பிளாக்க எடுக்க தம்பி வெள்ளிக்கிழம ஆஸ்பத்திரிக்குப் போறான், இங்க போடேலாட்டி கொழும்புக்கு அனுப்புவம். டொக்டரிட்ட கேக்க வேண்டியத இங்கிலீசில எழுதி வியாழனுக்கு முதல் அனுப்பு. மாமிட்ட இந்த ஸ்கோர் கதைய எடுக்காத.

அம்மா