ஒரு கரண்டி என்பது எந்தத் தண்ணீருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாஷிங் மெஷினுக்கு ஏற்ற சலவைத் தூளைத் தேர்ந்தெடுப்பது குறித்துத் தங்கள் இதழின் இல்லப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். டாப் லோடு, ஃப்ரண்ட் லோடு இரண்டுக்கும் தனித்தனித் தூள் எதற்கு என்பதைக் கட்டுரையாளர் தெளிவாகவே விளக்கியிருந்தார். ஆனால் அழுக்கு அதிகமாக இருந்தால் அரைக் கரண்டி கூட்டிப் போடச் சொன்னவர், துவைக்கும் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. சென்னைப் புறநகரில் முப்பது ஆண்டுகளாகக் குடும்பம் நடத்தும் எனக்கு அது பெரிய விடுபடலாகத் தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் மாடித் தொட்டியில் ஒரு நாள் மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியத்தின் தண்ணீர், ஏறும். அது வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர். ஃப்ரண்ட் லோடு மெஷின் வாங்கிய புதிதில், போர் தண்ணீரில் நுரையே காணோமே என்று கரண்டியைக் கோபுரமாக நிரப்பிப் போட்டுப் பழகி, பிறகு எந்தத் தண்ணீர் வந்தாலும் அதே அளவைப் போட்டுவந்தேன். ஓராண்டுக்குள் மருமகளின் கறுப்புச் சுடிதாரில் சுண்ணாம்பு இழுகியதுபோல் வெள்ளைக் கோடுகள் விழுந்தன, பேரனின் பள்ளிச் சட்டை பழுப்பேறியது, துண்டுகள் அட்டை போல விறைத்தன. தூள்தான் சரியில்லை என்று மூன்று நிறுவனங்களின் பாக்கெட்டுகளை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. கடைசியில் மெஷின் பார்க்க வந்த மெக்கானிக், தூள் போடும் இழுப்பறையை உருவி எடுத்து, அடியில் விரல் கனத்துக்குக் கெட்டித்திருந்த வெள்ளைப் பாளத்தைக் காட்டினார். "மெஷின்ல ஒண்ணுமில்லம்மா. நீங்க துவைச்சு வெச்ச துண்டையே பவுடர் இல்லாம திரும்ப ஓட்டிப் பாருங்க" என்றார். மெட்ரோ தண்ணீர் வந்த நாளில் சுடுநீர் வைத்து ஓட்டினேன். ஒரு சிட்டிகை தூள்கூடப் போடாத மெஷினின் கண்ணாடிக் கதவில் பாதிவரை நுரை ஏறி நின்றது. அத்தனையும் அலசிப் போகாமல் துண்டிலேயே தங்கியிருந்த பழைய தூள்.

எங்கள் போர் தண்ணீர் போன்ற கடின நீரில் மிகுதியாக உள்ள கால்சியமும் மெக்னீசியமும் தூளின் ஒரு பகுதியைத் தமக்கென எடுத்துக்கொள்கின்றன. தூளில் உள்ள சோடா உப்பு கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புப் படிவாகித் துணியிலும் ஹீட்டரிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே கடின நீருக்குச் சற்றுக் கூடுதல் தூள் தேவை என்பது உண்மையே. ஆனால் அதே அளவை அவ்வளவு கடினமில்லாத மெட்ரோ தண்ணீரில் போட்டால் நுரை பொங்கிவிடும். ஃப்ரண்ட் லோடில் துணி மேலேறித் தண்ணீரில் விழுந்து அடிபடுவதால்தான் அழுக்கு போகிறது. நுரை மெத்தைபோல் நடுவில் நின்றால் அந்த அடியும் விழாது, கொஞ்சமாகச் செலவாகும் தண்ணீரில் அலசலும் முழுமையாகாது. நுரை வந்தால்தான் வெளுக்கும் என்ற எண்ணம் கல்லில் துவைத்த காலத்திலிருந்து நம்மோடு வந்துவிட்டது. என் மாமியாரிடமிருந்து நானும் அதைத்தான் கற்றேன்.

இதில், தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளை மொத்தமாகக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை நம்பவும் வழியில்லை. ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பான் மாட்ட வருகிறவர் காட்டும் எண்ணில் சாதாரண உப்பும் சேர்ந்திருக்கும். அது கடினத்தன்மையின் அளவு அல்ல. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்தால் சரியான அளவு தெரிந்துவிடும். குடிநீருக்கான இந்தியத் தர அளவே கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. குடிக்கத் தகுந்த தண்ணீரிலேயே மும்மடங்கு வேறுபாடு இருக்கும்போது, பாக்கெட்டில் 'ஒரு லோடுக்கு ஒரு கரண்டி' என்று மட்டும் அச்சிட்டால் அது எந்தத் தண்ணீருக்கான கரண்டி? போதாக்குறைக்குப் பல பாக்கெட்டுகளில் கரண்டியே இருப்பதில்லை. ஒரு தூளின் கரண்டி இன்னொரு தூளுக்குப் பொருந்துவதுமில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, வீட்டுச் சலவைத் தூள் உறைகளில் மென்நீர், நடுத்தர நீர், கடின நீர் மூன்றுக்கும் தனித்தனி அளவைக் குறிப்பிட்டாக வேண்டும். தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறும் நம் ஊருக்கு இது இன்னும் அவசியம். அந்த அளவைக் கிராமிலும் மில்லிலிட்டரிலும், தமிழிலும், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிடுமாறு உற்பத்தியாளர்களையும் தரநிர்ணய அமைப்பையும் தங்கள் இதழ் வலியுறுத்த வேண்டுகிறேன். கட்டுரையாளரும் தம் அரைக் கரண்டி யோசனையை அடுத்த இதழில் திருத்தி எழுதினால் நன்றாக இருக்கும். எங்கள் அடுக்ககத்தில் அதைக் கத்தரித்து மெஷின்மேல் ஒட்டிவைத்திருப்பவர்கள் இருவரை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பல்லாவரம்.