கால் கிலோ பருப்பு

தாராவி, மும்பை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆயிற்று, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லாரும் நலம். எனக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது. உன் மகளுக்கு நெல்லையிலேயே கல்லூரி கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம்.

"அங்கே விலைவாசி எப்படி?" என்று ஒரு வரி கேட்டிருந்தாய். எனக்கு ஒரு வரியில் சொல்ல வரவில்லை ஏட்டி. மளிகைக் கடை வைத்திருப்பவளுக்கு ஊரார் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று தெரிந்துவிடும். எங்கள் பற்று நோட்டில் ஒரே வீட்டின் பக்கங்களைப் புரட்டினாலே போதும். மாதம் இரண்டு கிலோ துவரம் பருப்பு வாங்கிய வீடு ஒரு கிலோவுக்கு வந்தது. இப்போது வேண்டும்போது கால் கிலோ. எண்ணெய், லிட்டரிலிருந்து சின்னப் பாக்கெட்டுக்கு இறங்கிவிட்டது. மொத்தமாக வாங்கினால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்துத் தரலாம், கால் கிலோ வாங்குகிறவர்களுக்கு அது முடிவதில்லை. காசு குறைவாக இருப்பவர்தான் கூடுதல் விலை கொடுக்கிறார். விற்கிற எனக்கே அது உறுத்துகிறது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது ஊரே பேசியது. அது இரண்டே மாதத்தில் இறங்கிவிட்டது. எண்ணெய் அப்படி இல்லை. நாம் தாளிக்கிற எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. 2024 செப்டம்பரில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கான இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆக்கினார்கள். நம் ஊர் சோயா விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்று செய்தது, அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாரம் முழுவதும் வாங்குகிறவர்கள் தலையில் விழுந்தது. 2025 மே கடைசியில்தான் வரியைக் கொஞ்சம் குறைத்தார்கள்.

அரிசி, கோதுமைக்குக் குறையில்லை. 2013 சட்டப்படி கார்டில் உள்ள தலைக்கு மாதம் 5 கிலோ, அதுவும் இப்போது இலவசம். யாரும் பட்டினி கிடக்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் தட்டில் சோறு மட்டும்தான் இருக்கிறது. உங்கள் ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தருகிறார்களே, அதன் அருமை இங்கே வந்து பார்த்தால்தான் தெரியும். இங்கே வருட வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டினால், ரேஷன் தானியம் கிடைக்காத வெள்ளை கார்டு. ஒரு லட்சம் என்றால் மாதம் எட்டாயிரத்துச் சொச்சம். மும்பையில் அது ஒரு அறை வாடகைக்கே சரியாகப் போய்விடும்.

எதிர்வீட்டு அக்காவைச் சொல்ல வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து இட்லி அவிக்கிறார், அவர் வீட்டுக்காரர் சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறார். வாங்குகிறவர்களும் கூலிக்காரர்கள், விலையை ஏற்ற முடியாது. அதனால் சாம்பாரில் பருப்பு குறைந்து பூசணிக்காய் கூடிவிட்டது. போன வாரம் காலையில் அங்கே போயிருந்தேன். அவித்த முட்டை ஒன்றை நூலால் இரண்டாக அறுத்து இரண்டு பையன்களுக்கும் வைத்தார். "உங்களுக்கு?" என்றேன். "எனக்கு முட்டையே பிடிக்காதும்மா" என்றார். விற்காமல் திரும்பி வந்த இட்லியை வெறும் உப்பும் பச்சை மிளகாயும் தொட்டுச் சாப்பிட்டார். நோட்டில் டஜன் முட்டை எழுதிய காலத்தில் அவருக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவருக்கு ரத்தசோகை, ஹீமோகுளோபின் 8தான் என்று சொல்லி, பருப்பு, கீரை, முட்டை சாப்பிடச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. விலை ஏறினால் வீட்டில் முதலில் குறைவது அம்மாவின் தட்டு. அது எந்த விலைப் பட்டியலிலும் வராது.

பிள்ளைகளுக்குப் பள்ளியிலாவது முட்டை கிடைக்கட்டும் என்று பார்த்தால், மகாராஷ்டிரத்தில் 2023 நவம்பரில் வாரம் ஒன்று என்று ஆரம்பித்து, 2025 ஜனவரியில் அரசு அதற்குப் பணம் தருவதை நிறுத்திவிட்டது. நீ சத்துணவு அமைப்பாளராக வாரம் ஐந்து நாளும் முட்டை அவித்துக் கொடுக்கிறாய்.

அதனால் உன்னிடம் ஒரு வேலை. எங்கள் மகளிர் குழுவில் முட்டையும் ரேஷனில் பருப்பும் கேட்டு மராத்தியில் மனு எழுதுகிறோம். உன் கூடத்துக்கு முட்டை எப்படி வந்து சேர்கிறது, உடைந்தது போனால் கணக்கு என்ன, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு என்ன தருகிறீர்கள், எல்லாவற்றையும் விவரமாக எழுது. அக்கா பெயரும் மனுவில் இருக்கிறது. முதல் கையெழுத்து அவருடையதுதான்.

நம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டோம். மீதியை நேரில் பேசலாம்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழி