குற்றாலத்தில் அறை எடுக்கும் முன் படிக்கட்டை எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்ற செய்தியைப் போட்டிருந்தீர்கள். கூடவே, ஊரைவிட்டுத் தள்ளியிருக்கிற ஐந்தருவிப் பக்கம் அறை எடுத்தால் கூட்டமில்லாமல் நிம்மதியாக இருக்கலாம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்ததையும் படித்தேன். சொந்தக் கார் வைத்திருப்பவர் போலிருக்கிறது. ரயிலில் வந்து இறங்கி, வயதான அம்மாவையும் ஈரத்துணி மூட்டையையும் கூட்டிக்கொண்டு அலைகிற எங்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

நான் காசிமேட்டில் விசைப்படகு முதலாளி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். மச்சான் அதே படகில் டிரைவர். எங்களுக்கு லீவு என்றால் மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதிலும் பெயின்ட், வலை, இன்ஜின் வேலையெல்லாம் முடிந்து, ஐஸ் ஏற்றுவதற்கு முன்னால் கடைசியில் ஒரு மூன்று நாள் கிடைக்கும். குற்றாலத்தில் சாரல் எட்டிப் பார்ப்பதும் ஏறக்குறைய அப்போதுதான். வருஷம் முழுக்க உப்புத் தண்ணீரில் கிடக்கிறவர்கள், வீட்டில் தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டு இடம் பிடிக்கிறவர்கள் நாங்கள். நல்ல தண்ணீர் கேட்பாரில்லாமல் கொட்டுகிற இடம் என்றால் எங்கள் ஆட்களுக்கு அது ஒரு தனிப் பைத்தியம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒன்பது பேர் கிளம்பினோம். அறையைப் போனிலேயே பிடித்தேன். பச்சை மலை, வெள்ளை மெத்தை, ஜன்னலில் மேகம் என்று படம் அனுப்பினார்கள். "அருவி எவ்வளவு தூரம்ணே?" என்று கேட்டதற்கு, "எட்டிப் பார்த்தா அருவிதான் அண்ணாச்சி" என்று பதில் வந்தது. அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன்.

அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை. மொட்டை மாடியில் ஏறி எட்டிப் பார்த்தால் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கடலோடிகளுக்குத் தெரியாததா? அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கிகூடத்தான் படகிலிருந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். இறங்கி நடந்தால்தான் தெரியும். விடுதி இருந்தது ஐந்தருவிக்குப் போகும் ரோட்டில், அதிலும் ரோட்டை விட்டு உள்ளே. எங்களுக்குக் கொடுத்தது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நாற்பத்தெட்டுப் படி. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஏண்டா, இத்த ஏறி எறங்கறதுக்கு ஊட்லயே ரெண்டு கொடம் தண்ணி ஊத்திக்கினு இருந்திருப்பேனே" என்றார்.

குற்றாலத்துக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே அறை என்பது தங்குவதற்கு இல்லை. குளிப்பது, பசியெடுத்துத் தின்பது, ஒரு தூக்கம் போடுவது, மறுபடியும் குளிக்கப் போவது. ஒரு நாளைக்கு நாலு தடவை ஈரத்தோடு திரும்பி வர வேண்டும். சாரல் காற்றில் நனைந்த உடம்போடு ஆட்டோவுக்காகக் காத்து நின்றால் பல் அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் ஒன்பது பேருக்கு இரண்டு ஆட்டோ. மூன்று நாளில் ஆட்டோவுக்குப் போன காசைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன் (தொழில் புத்தி). ஊருக்குள்ளேயே இருக்கிற பேரருவிக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு அறை கூடுதலாக எடுத்திருக்கலாம்.

அந்த அறையில் துணி காயப்போட ஒரே ஒரு கொடி, அதுவும் கட்டிலுக்கு மேலே. முதல் நாள் போட்ட லுங்கி மூன்றாம் நாளும் சொட்டிக்கொண்டிருந்தது. காற்று வரட்டும் என்று என் மனைவி ஜன்னலைத் திறந்து வைத்தாள். பின்னாலேயே குரங்கு வந்துவிட்டது. சமைத்துக்கொள்ளலாம் என்று ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போன நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு எதிர் ஓட்டுக்கூரையில் போய் உட்கார்ந்தது. பிரித்தது, மோந்து பார்த்தது, எங்களை ஒரு பார்வை பார்த்தது, அப்படியே கூரை முழுக்க இறைத்துவிட்டுப் போய்விட்டது. மழையில் ஊறிய கருவாட்டு வாசனை எங்களுக்குப் பழக்கம். பக்கத்து அறைக்காரர்களுக்கு இல்லை.

சரி, அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது நேரக் கணக்கு. எழும்பூரில் இரவு பொதிகை ரயில் ஏறினால் காலை எட்டு மணி வாக்கில் தென்காசியில் இறங்கிவிடுவோம். அறை பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் தருவோம் என்றார்கள். திரும்பும் ரயில் சாயங்காலம்தான். ஆனால் பன்னிரண்டு மணிக்கே காலி செய்யச் சொன்னார்கள். வரும்போது நாலு மணி நேரம், போகும்போது அதைவிட அதிகம், ஒன்பது பேரும் மூட்டை முடிச்சோடு வெளியே. அம்மாவுக்குக் கழிப்பறை தேடி நான் அலைந்ததை எழுத விரும்பவில்லை. மூன்று நாள் பயணத்தில் அறை எங்கள் கையில் இருந்தது இரண்டு நாள்தான். சென்னைக்காரன் எந்த ரயிலில் வருவான், எதில் போவான் என்று அந்த ஊர் விடுதிக்காரர்களுக்குத் தெரியாதா? 24 மணி நேரக் கணக்கில் அறை தருகிற விடுதிகளும் அதே ஊரில் இருக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்தப் பயணத்தில் தண்ணீரும் கைகொடுக்கவில்லை. ஜூன் முதல் வாரம் என்பது சீட்டுக் குலுக்குவது போல. ஐந்தருவியில் இரண்டு கிளையில் மட்டும் நூலாக விழுந்தது, அதற்கு ஒரு வரிசை.

இரண்டாவது தடவை போன வருஷம் ஆடியில் போனோம். மச்சான் கடலுக்குப் போய்விட்டதால் நாங்கள் ஐந்து பேர்தான். இந்தத் தடவை பேரருவியிலிருந்து அம்மாவே நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய விடுதி. தரைத்தளம். சுவரில் காரை பெயர்ந்திருந்தது, டிவி ஓடவில்லை. ஆனால் வாசலில் இறங்கினால் குற்றாலநாதர் கோயில், அதைத் தாண்டினால் அருவி. கூட்டம் அடங்கியபின் இரவு ஒரு மணிக்கு அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனோம். பேரருவி நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்கிற ஆழமான குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. இல்லாவிட்டால் முட்டி தேய்ந்த கிழவி அதன் அடியில் நிற்க முடியுமா? பெண்கள் பக்கம் ஓரமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றார். வெளியே வந்து, "இங்கயும் கடல்னுதான் பேரா?" என்று கேட்டார்.

மறுநாள் மலையில் மழை கொட்டி, பேரருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு பதினேழு வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனதை உங்கள் நாளிதழிலும் படித்தோம். அருவியின் பாதுகாப்பு வளைவைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் பாயும்போது போலீஸ்காரர் விசில் ஊதினால் ஒதுங்கிவிட வேண்டும். ஆனால் பேரருவியில் தடை இருக்கும்போது சில நேரம் புலியருவியிலோ பழைய குற்றாலத்திலோ விடுவார்கள். பேரருவியிலிருந்து பழைய குற்றாலம் எட்டு கிலோமீட்டர், ஐந்தருவி நாலு கிலோமீட்டர் சொச்சம், புலியருவி கிட்டத்தில். இவையெல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது பேரருவிப் பக்கம்தான். பஸ்ஸோ ஆட்டோவோ அங்கிருந்துதான் சுலபமாகக் கிடைக்கும். ஐந்தருவியில் அறை எடுத்தவர் ஐந்தருவியோடு கட்டிப்போடப்பட்டவர்.

சீசன் நெருக்கடியில் குற்றாலத்துக்குள் கட்டுப்படியாகவில்லை என்றால் நான் தென்காசியைத்தான் சொல்வேன். ஐந்து கிலோமீட்டர்தான். அடிக்கடி பஸ் உண்டு, ஸ்டேஷன் பக்கம், துணியும் கொஞ்சம் காயும். இரவுக் குளியல் மட்டும் போய்விடும். என்னைக் கேட்டால் அது பெரிய நஷ்டம்.

விடுதிக்காரர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. எந்த அருவியிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எத்தனையாவது மாடி, எத்தனை மணிக்கு உள்ளே விடுவீர்கள், சனி ஞாயிறு வாடகை என்ன. இந்த நாலையும் வாசலில் ஒரு போர்டில் எழுதி, அந்தப் போர்டையும் படம் எடுத்து மெத்தைப் படத்தோடு அனுப்பட்டும். தென்காசி ஸ்டேஷனில் அன்றன்று எந்த அருவியில் தடை என்று ஒரு பலகை வைத்தால், இறங்கியதும் ஆட்டோக்காரர் சொல்வதையே நம்பிப் போக வேண்டியதில்லை. உங்கள் நாளிதழிலும் சீசன் முடிகிறவரை தினமும் அருவி நிலவரத்தை ஒரு சின்னக் கட்டத்தில் போடலாமே. எங்கள் ஆட்கள் கடல் நிலவரம் பார்ப்பதுபோல அதையும் பார்ப்பார்கள்.

இந்த ஆடிக்கும் போவதாக இருக்கிறோம். நேற்று ஒரு விடுதிக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுக்கிறார்: "மொதல்ல எத்தினி படின்னு கேளு."

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காசிமேடு, சென்னை-13.