ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் கடற்கரைப் பூங்கா: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், நான் நடந்த வேலையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடற்கரையில் இருக்கும் நம் பழைய ராணுவக் கோட்டையில், இந்த வருடம் நம் நேரமெல்லாம் பெரும்பாலும் ரஸ்ஸல் பீரங்கி மேடையில்தான் போனது. 1904-லிருந்து 1944 வரை இரண்டு 10 அங்குல பீரங்கிகள் கடலைப் பார்த்து நின்ற இடம் அது. இப்போது மிச்சம் இருப்பது கான்கிரீட் மட்டும்தான், ஓரிகன் மழையும் உப்புக்காற்றும் சேர்ந்து அதிலும் பாசி ஏற்றிவிட்டன. தொடக்கத்தில் ஆர்வக்கோளாறில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோம், பாசியோடு பழைய கான்கிரீட்டும் பெயர்ந்து வந்தது. அன்றே நிறுத்திவிட்டோம். இனி நைலான் பிரஷ்ஷும் தண்ணீரும் மட்டும்தான், தயவுசெய்து யாரும் அவசரப்பட வேண்டாம்.

அப்புறம், வருபவர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலை. பலர் நேராகக் கடற்கரைக்குப் போய், 1906-ல் தரைதட்டிய பீட்டர் ஐரடேல் கப்பலின் துருப்பிடித்த கூட்டோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அந்தக் கூட்டைச் சுற்றி முட்கம்பி இழுத்திருந்தார்கள் என்று சொன்னால் மட்டும் நின்று, ஏன் என்று கேட்கிறார்கள்.

அதற்குப் பதில் 1942 ஜூன் 21 இரவில் இருக்கிறது. ஐ-25 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் கோட்டையை நோக்கி 17 குண்டுகள் சுட்டது. பேஸ்பால் மைதானத்தின் தடுப்பு வலை சேதமானது, உயிர்ச்சேதம் இல்லை. கோட்டையிலிருந்து ஒரு குண்டுகூடத் திருப்பிச் சுடவில்லை. பயந்துவிட்டார்கள் போல என்று சிலர் சொல்லும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. சிப்பாய்கள் உத்தரவுக்காகத் துடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கப்பல் எட்டாத தூரத்தில் இருப்பதாகக் கணித்த தளபதி, நாம் சுட்டால் அந்த நெருப்பே பீரங்கி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று சுட விடவில்லை, விளக்குகளையும் அணைக்கச் சொன்னார். அது சரியான முடிவு என்பது என் கருத்து. நம் ஆட்கள் மேடைக்கு யாரை அழைத்துப் போனாலும் இந்தக் காரணத்தை விடாமல் சொல்ல வேண்டும்.

வரும் வருடம் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து மண்கோட்டைப் பக்கமும் நேரம் ஒதுக்க வேண்டும், 1863-ல் இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கியதே அங்கேதான். ரஸ்ஸல் மேடை வேலைக்கு வருபவர்கள் டார்ச் கொண்டு வாருங்கள், உள் அறைகளில் பகலிலும் இருட்டுதான்.

இப்படிக்கு,
செயலாளர்