ஒரு பெண்ணின் முறையீடும் மற்றவர்களின் கிசுகிசுப்பும்

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

குர்ஆனின் 28ஆம் ஜுஸ்வை (பாகத்தை) அர்த்தத்தோடு ஓத ஆரம்பித்திருக்கிறாய் என்று கேட்டதில் சந்தோஷம். "முஜாதலா ஸூரா (அத்தியாயம்) கணவன் மனைவி வழக்கில் தொடங்குகிறது, அப்புறம் ரகசியப் பேச்சு, சபையில் இடம் விடுவது என்று எங்கெங்கோ போகிறதே உம்மா" என்றாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த வழக்கு. மதீனாவில் அவ்ஸ் இப்னு ஸாமித் (ரலி) மனைவி கவ்லாவிடம் (ரலி), "நீ எனக்கு என் தாயின் முதுகைப் போல" என்று சொல்லிவிட்டார். இதற்குப் பெயர் ளிஹார். இஸ்லாத்துக்கு முந்திய அறியாமைக் காலத்து வழக்கப்படி அந்த ஒரு பேச்சோடு மனைவி விலக்கப்பட்டவள் ஆகிவிடுவாள்.

கவ்லா (ரலி) அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. நபி (ஸல்) அவர்களிடமே போனார். என் இளமையெல்லாம் அவரோடு கழிந்தது, பிள்ளைகள் பெற்றுக் கொடுத்தேன், வயதாகி அதுவும் நின்ற பிறகு இப்படிச் சொல்கிறார், யா அல்லாஹ், உன்னிடமே முறையிடுகிறேன் என்று வாதாடினார். நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அங்கேதான் இருந்தார்கள். ஆனாலும் அந்தப் பேச்சில் சில அவர்கள் காதில் விழவில்லை. அல்லாஹ் கேட்டுவிட்டான். கவ்லா (ரலி) இடத்தை விட்டு நகரும் முன்பே வசனம் இறங்கியது.

பரிகாரமும் வந்தது: ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும், முடியாவிட்டால் இரண்டு மாதம் தொடர் நோன்பு, அதுவும் முடியாவிட்டால் 60 ஏழைகளுக்கு உணவு. அவ்ஸிடம் (ரலி) அடிமையும் இல்லை, நோன்புக்கு உடம்பில் தெம்பும் இல்லை, கொடுக்கக் கையில் காசும் இல்லை. கடைசியில் ஒரு கூடை பேரீச்சம்பழம் கொடுத்து உதவ முன்வந்தார்கள் நபி (ஸல்). இன்னொரு கூடை நான் தருகிறேன் என்றார் கவ்லா (ரலி). யார் மேல் புகார் சொல்ல வந்தாரோ அவருக்காக! இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 7ஆம் வசனத்தைப் பார்: மூன்று பேர் ரகசியம் பேசினால் நான்காவதாக அவன் இருக்கிறான், ஐந்து பேர் பேசினால் ஆறாவதாக. பக்கத்தில் இருந்தவருக்கே முழுதாகக் கேட்காத பெண்ணின் குரலைக் கேட்டவனுக்கு, வெளியே முஸ்லிம்களாகக் காட்டி உள்ளே பகை வைத்திருந்த நயவஞ்சகர்களின் கிசுகிசுப்பு கேட்காதா? அவள் மனம் நொந்து பேசினாள், இவர்கள் பாவத்தையும் பகையையும் மறைவில் பேசினார்கள். பொய்ச் சத்தியத்தைக் கேடயமாக்கியவர்களைப் பற்றிய பிந்திய வசனங்களும் இதே வழியில்தான் போகின்றன. சபையில் இடம் விடச் சொல்லும் 11ஆம் வசனத்தையும் நான் இதோடு சேர்த்தே படிப்பேன். பேச வந்தவர் உட்கார இடம் இருந்தால்தானே பேசுவார்?

இன்னொன்று: 22 வசனங்களில் ஒன்றிலாவது அல்லாஹ்வின் பெயர் இல்லாமல் இருக்கிறதா என்று தேடிப் பார்.

அடுத்து ஹஷ்ர் ஸூரா. அதற்குப் பின்னணி பனூ நளீர் என்ற யூதக் கோத்திரம் மதீனாவிலிருந்து வெளியேற்றப்பட்டது. ஓதி முடித்ததும் கூப்பிடு, அதைப் பேசுவோம்.

உம்மா