மீன் ஏலம் விடுகிற இடத்தில் ஒரு பலகை வையுங்கள்: அணுசக்தித் துறைக்கு ஒரு திறந்த மடல்

இந்திய அணுசக்தித் துறைக்கும் அணுமின் கழகத்துக்கும் வணக்கம்.

அணுமின்சாரம் வேண்டும் என்று சொல்கிறவன் நான். கூடங்குளம் பற்றி வாயைத் திறந்தாலே எதிர்ப்பாளர் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனி, ஆடியில் முப்பந்தல் பக்கம் வந்து பாருங்கள், காற்றாலைகள் ராப்பகலாகச் சுற்றும். ஐப்பசிக்கு மேல் பல இறக்கைகள் அசையாமல் நிற்கும், அப்போது பொழுது சாய்ந்த பிறகு வீட்டில் ஃபேன் ஓடுவது பெரும்பாலும் நிலக்கரியை நம்பித்தான். ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி விடுகிற கார்பன் டை ஆக்சைடு சுமார் 820 கிராம்; சுரங்கம், கட்டுமானம் எல்லாம் சேர்த்தாலும் அணுவுக்குச் சுமார் 12 கிராம்தான் என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2014 அறிக்கை.

சரி, பிறகு ஏன் இந்த மடல்? 2047க்குள் 100 ஜிகாவாட் அணுமின் திறன் என்று 2025 பட்ஜெட்டில் சொன்னபோது கையில் இருந்தது 9 ஜிகாவாட்கூட இல்லை. இன்னும் எத்தனையோ ஊர்களில் போய் நிலம் கேட்கப் போகிறீர்கள், அந்த ஊர்க்காரர்கள் முதலில் நினைத்துப் பார்ப்பது கூடங்குளம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்து மீனவ ஊரான இடிந்தகரையைத்தான்.

2012 செப்டம்பரில் அந்த ஜனங்கள் உலையை எதிர்த்துக் கடலில் இறங்கிக் கைகோத்து நின்றார்கள். 2004 சுனாமியைக் கண்ணால் பார்த்தவர்கள், ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தை டிவியில் பார்த்துவிட்டுப் பயந்தது தப்பா? ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்குதான் பதிலாக வந்தது.

அதற்கப்புறமாவது மாறினீர்களா? 2019 அக்டோபர் 29 அன்று உலையின் கட்டுப்பாட்டு அமைப்பின் மேல் சைபர் தாக்குதல் நடக்கவே வாய்ப்பில்லை என்று கூடங்குளத்திலிருந்து அறிக்கை வந்தது, மறுநாளே அலுவலகக் கணினி ஒன்றில் மால்வேர் என்கிற கெடுதல் மென்பொருள் இருந்தது உண்மைதான் என்று கழகம் ஒப்புக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டுக் கணினிகள் தனி, அவற்றுக்குப் பாதிப்பில்லை என்றீர்கள். நான் நம்புகிறேன். ஆனால் மால்வேர் இருந்ததையும் முதல் நாளே சொல்லியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரரும் நம்பியிருப்பார். பயன்படுத்திய எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்கை ஐந்து வருஷத்தில் கட்டச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2018இல் போய் 2022 வரை அவகாசம் வாங்கினீர்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். மீன் ஏலம் விடுகிற இடத்தில் ஒரு பலகை வையுங்கள். கடல்நீரில் கதிர்வீச்சு எவ்வளவு, வெளியே விடுகிற தண்ணீரின் சூடு எவ்வளவு, எந்த உலை எதற்காக நின்றது, பயன்படுத்திய எரிபொருள் எவ்வளவு உள்ளே கிடக்கிறது என்று தினமும் தமிழில் எழுதிப் போடுங்கள், கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆளையும் அங்கேயே உட்கார வையுங்கள்.