மழைக்குப் பயந்தவள் எழுதுகிறேன்

வியாசர்பாடியில் எங்கள் தெருக்காரர்களுக்கும் சபையாருக்கும், இயேசுவின் இனிய நாமத்தில் ஸ்தோத்திரம்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் அன்று சாக்கடையோடு கலந்து வீட்டுக்குள்ளேயே முழங்கால் வரை ஏறிவிட்டது. கரண்ட் இல்லை. நடக்க முடியாத அம்மாவை வைத்துக்கொண்டு தவித்தபோது, மாடி வீட்டு பாயும் அவர் மகனும் இறங்கி வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அப்படியே மேலே தூக்கிப்போனார்கள். மூன்று நாள் அவர்கள் வீட்டு ஹாலில்தான் இருந்தோம். அம்மாவுக்குத் துணி மாற்றியதுகூட பாய் வீட்டு அக்காதான். படகில் வந்து பால் பாக்கெட் கொடுத்த தம்பிகளே, உங்கள் பேரைக்கூட நான் கேட்கவில்லை, மன்னியுங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் எனக்குத் தொல்லை ஆரம்பித்தது. ராத்திரி வாசல் தகரத்தில் நாலு தூறல் விழுந்தால் போதும், எழுந்துபோய்ப் படியில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். அரிசி டின்னைப் பரணில் ஏற்றுவேன், காலையில் இறக்குவேன். ஜெபம் பண்ண வராது. விசுவாசம் இருந்தால் பயம் வருமா என்று யாரோ சொன்னது வேறு குத்திக்கொண்டே இருந்தது.

ஆயரிடம் போய் அழுதேன். அவர் பிரசங்கம் பண்ணவில்லை. பேதுரு கடலில் அமிழ்ந்துபோகிற இடத்தை மத்தேயு 14இல் எடுத்துக் காட்டினார். "ஆண்டவர் முதலில் கையைப் பிடித்தார். ஏன் சந்தேகப்பட்டாய் என்று கேட்டது அப்புறம்தான், பாரும்மா" என்றார். இத்தனை வருஷம் வாசித்தும் அந்த வரிசையை நான் கவனித்ததே இல்லை. இராயபுரத்துக்குப் பேர் கொடுத்த இராயப்பர், அதாவது இந்தப் பேதுருவே பயந்திருக்கிறார், நான் எம்மாத்திரம்! "டாக்டரையும் பாரு" என்று ஆயர் சொன்னாரே, அதற்கே அவருக்குத் தனியாக ஒரு மடல் எழுதலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, வெள்ளத்துக்குப் பிறகு பலருக்கும் இப்படி வரும் என்று சொல்லி, மூச்சை மெதுவாக இழுத்துவிடக் கற்றுக்கொடுத்தார். அவருக்கும் நன்றி.

2024 அக்டோபரில் மறுபடி ரெட் அலர்ட். வேளச்சேரியில் காரையெல்லாம் மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினார்கள். நான் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று ராத்திரி பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் இரண்டு பேர் போர்வையோடு வந்து எங்கள் வீட்டிலேயே படுத்தார்கள். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்ற 56ஆம் சங்கீத வசனத்தை மூன்று பேரும் சொன்னோம். தாவீதே பயப்படுகிற நாள் என்றுதான் சொல்கிறார். அப்புறம் ஒரு அக்கா விட்ட குறட்டையில் மழைச் சத்தமே கேட்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இரண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்தேன். படி நனைந்திருந்தது, அவ்வளவுதான். திரும்பப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

பாய், கிறிஸ்துமஸ் கேக் கட்டாயம் வரும். அந்த நாற்காலியை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள். அதில்தான் உட்காருவேன் என்று அம்மா அடம்பிடிக்கிறார்.

கர்த்தருக்குள்,
கீழ் வீட்டுச் சகோதரி